ஓர் ‘உம்’ கூடிப்போன நாடகம்

நுழைவுச்சீட்டில் நாடகத்தின் பெயரே இல்லை. ‘தமிழ் மேடை நாடகம், இரவு 8 மணி, கட்டணம் 30 வெள்ளி’ என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். “இது வெள்ளோட்டம்தான் ஆன்ட்டி, பேரு இன்னும் முடிவாகல” என்று வாசலில் சீட்டுக் கிழித்த பையன் சொன்னான். நல்லதோ கெட்டதோ எழுதுங்கள், எங்கள் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்று குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சரி, விட்டுவிட்டேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் ஸ்காட் பக்கம், குறுகலான படியேறிப் போகிற ஒரு மாடி மண்டபம். அவ்வளவு போதும். மொத்தம் 34 படி. முட்டிவலிக்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய தலைவர்களைப் பற்றிய நாடகம் என்று தோழி சொன்னபோது எனக்குப் பெரிதாக ஆசை வரவில்லை. மார்ட்டின் லூதர் கிங் வந்து முழங்குவார், நாம் கைதட்டுவோம், கொமுட்டர் ரயில் பிடித்து வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் எத்தனை பார்த்தாயிற்று. ஆனால் ஒரு காட்சி முழுக்கக் கோர்ட்டில் நடக்கிறது என்று அவள் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நான் 31 வருடம் கோர்ட்டில் ஜுருபஹாசாவாக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தமிழை மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும், அவற்றைத் தமிழுக்கும் மாற்றிச் சொல்லுகிற வேலை. வேலை போனாலும் தொழில் புத்தி போகவில்லை. டிவியில் படம் ஓடினால்கூட, கீழே வருகிற எழுத்தைத் திருத்திக்கொண்டேதான் பார்ப்பேன். வீட்டில் யாரும் என்னோடு உட்காருவதில்லை.

மேடையில் பெரிய ஜோடனை எதுவும் கிடையாது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு வருமே, அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றை இரண்டிரண்டாகப் போட்டால் பேருந்து. ஒரே வரிசையாகப் போட்டால் தேவாலயம். ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தால் சாட்சிக்கூண்டு. நடித்தவர்கள் ஒன்பது பேர். வெள்ளைக்காரராக வருகிறபோது வலது கையில் ஒரு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். கழற்றினால் கறுப்பினத்தவர். முகத்தில் யாருக்கும் கரியும் பூசவில்லை, மாவும் பூசவில்லை. இதற்காகவே பாதிக் காசு கொடுக்கலாம். ‘நம்ம நிறம் போதாதா?’ என்று யாரோ ஒத்திகையில் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் பேருந்து. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரம், 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. ரோசா பார்க்ஸ் கதையை நாம் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறோம்: வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரி வெள்ளைக்காரர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கச் சொன்னார்கள், கால்வலியால் மறுத்துவிட்டார். நாடகக் குழு இதில் ஏமாறவில்லை. முன்னால் இருந்த 10 இருக்கைகள்தான் வெள்ளையருக்கென்று ஒதுக்கியவை. பார்க்ஸ் உட்கார்ந்தது அதற்கு அடுத்து, கறுப்பினத்தவர் உட்காரலாம் என்று விட்டிருந்த வரிசையில். ஒரே ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார் என்பதற்காக அந்த வரிசையில் இருந்த நான்கு பேரையும் எழுப்பினார் ஓட்டுநர். மூன்று பேர் எழுந்தார்கள். கால்வலிக் கதையும் இங்கே இல்லை. பார்க்ஸாக நடித்த பெண்ணின் கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேடு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அவர்தான் செயலாளர், அதுவும் பல வருடங்களாக. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்த பெண். அதை வசனமே இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

பார்க்ஸுக்குப் போட்ட அபராதம் 10 டாலர், கோர்ட்டுச் செலவு 4 டாலர். அந்த 14 டாலரை ஒருவர் மேடையில் நாணயம் நாணயமாக எண்ணி வைக்கிறார். கொஞ்சம் நீளம். ஆனால் எண்ணி முடிப்பதற்குள் பின்னால் பேருந்து காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் நாற்காலிகள் நிற்கின்றன. கறுப்பின மக்கள் ஏறாமல் புறக்கணித்த அந்தக் காலிப் பேருந்து 381 நாள் ஓடியது.

இந்தக் காட்சியில் ஓட்டுநர் திரும்பத் திரும்பச் சொல்லுகிற சொல் ‘இறங்கு’. ‘காசு போட்டாச்சா? இறங்கு. பின்வாசலால் ஏறு.’ இதைக் கேட்டதும் எனக்கு என் தாத்தாவின் சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது, அப்புறம் பத்து நிமிடம் மேடையில் என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது.

தாத்தா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் தலைமை தாங்கினார். மே மாதம் அவரைப் பிடித்துப் பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. கூடவே இன்னொன்று: வெள்ளைக்காரத் துரையையோ கிராணியையோ (குமாஸ்தாவையோ) கண்டால் கூலிக்காரன் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், இதற்கெல்லாமா போராட்டம் என்று. தாத்தா அந்தப் போராட்டத்தில் இருந்தவர். இருந்தும், துரை பங்களா வளைவு வந்தால் சாகிறவரைக்கும் இறங்கித்தான் போனார். துரைமார் ஊருக்குப் போய், பங்களா ஓடு சரிந்து, லாலாங் புல் வாசற்படி ஏறிய பிறகும் இறங்கினார். பின்னால் கேரியரில் நான் உட்கார்ந்திருப்பேன். “ஏன் தாத்தா எறங்குற?” என்று கேட்டால், “ஏத்தமா இருக்குல்ல” என்பார். அந்த வளைவில் ஏற்றமே கிடையாது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

கோர்ட்டுக் காட்சி. 1956 மார்ச். பேருந்துப் புறக்கணிப்பைச் சட்டவிரோதச் சதி என்று சொல்லி, 1921-ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தூசி தட்டி எடுத்து, கிங்கைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அப்போது அவருக்கு வயது 27. கிங் தரப்புச் சாட்சிகளில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா. கட்டணம் போட்ட பிறகு ஓட்டுநர் தன்னை இறங்கிப் பின்வாசலால் ஏறச் சொன்னதையும், இறங்கிப் பின்னால் நடப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டதையும் அவர் உண்மையாகவே அந்தக் கோர்ட்டில் சாட்சி சொன்னார். மறுபடி அந்தப் பேருந்தில் ஏறவில்லை என்றும் சொன்னார்.

இங்கேதான் இந்தக் குழு ஒரு வேலை செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். எஜமானுக்கும் அதுதான், வேலைக்காரிக்கும் அதுதான். தமிழில் வாயைத் திறந்தால் முடிவு செய்தாக வேண்டும்: நீயா, நீங்களா? வெள்ளைக் கையுறை மாட்டியவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவரை, எத்தனை வயதானவராக இருந்தாலும், ‘நீ’ என்கிறார்கள். பதிலுக்கு இவர்கள் ‘நீங்கள்’ என்கிறார்கள். இதில் ஒன்றும் அதிசயமில்லை, யாரும் செய்வார்கள். கில்மோர் கூண்டில் ஏறியதும் அவர்கள் பக்கத்து இளம் வழக்கறிஞர் எழுந்து, “கில்மோர் அம்மா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்கிறார். அதுவரைக்கும் அந்த மண்டபத்துக்குள் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நடித்த பெண் பதில் சொல்லவில்லை. மெதுவாகத் தலைத்துணியைச் சரிசெய்தார், நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார், அப்புறம்தான் பேசினார்.

எனக்குத் தெரிந்த மௌனம் அது. ஒரு சமயம் ஒரு சொத்துத் தகராறில் தோட்டத்துப் பாட்டி ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். வழக்கறிஞர் மலாயில் ‘காமு’ என்றுதான் கேட்டார். காமு என்றால் நீ என்றும் வைக்கலாம், கேட்கிறவர் மனசு என்ன என்று யாருக்குத் தெரியும். நான் ‘நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?’ என்று மாற்றிச் சொன்னேன். பாட்டி திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். “உங்களைத்தான் பாட்டி” என்றேன். ஜுருபஹாசா அப்படித் தன் பாட்டில் பேசக்கூடாது. எனக்கு அன்றைக்கு ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது, அது வேறு கதை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘நீ’ என்று குறுக்கு விசாரணை செய்கிறபோதெல்லாம் கில்மோர் ‘நீங்கள்’ என்றே பதில் சொல்கிறார். ஓட்டுநரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘அவன்’. நீதிபதி நிமிர்ந்து பார்க்கிறார். கில்மோர் திருத்திக்கொள்ளவில்லை. அரங்கத்தில் பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா “ஆங்” என்று சத்தமாகச் சொன்னார். விமர்சனம் என்றால் அதுதான் விமர்சனம்.

இதே கருத்துக்கு இன்னொரு வழக்கும் உண்டு. அதை ஏன் விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மேரி ஹாமில்டன் என்ற போராட்டக்காரப் பெண் 1963-இல் அலபாமாவிலேயே காட்ஸ்டன் என்ற ஊர்க் கோர்ட்டில் நின்றபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் வெறுமனே ‘மேரி’ என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் ‘மிஸ் ஹாமில்டன்’ என்றிருப்பார். மரியாதையாகக் கூப்பிட்டால்தான் பதில் என்று ஹாமில்டன் வாயை மூடிக்கொண்டார். கோர்ட் அவமதிப்பு, 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964-இல் அந்தத் தண்டனை ரத்தானது. ஒரு ‘மிஸ்’-சுக்காக வாஷிங்டன் வரைக்கும் போயிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இடைவேளைக்கு முன் ஐந்து நிமிடம் இதற்குக் கொடுக்கலாம். கிங்கின் முழக்கத்தில் ஐந்து நிமிடம் குறைத்தால் தானாக இடம் கிடைக்கும்.

அந்த முழக்கம் இருக்கிறதே. கிங்காக நடித்த தம்பிக்கு நல்ல குரல், நல்ல உயரம், வயதும் பொருத்தம்தான். ஆனால் அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது அடுக்குமொழி. அடக்குமுறையை அடித்து நொறுக்குவோம், அடிமைத்தனத்தை அடியோடு அகற்றுவோம் என்ற ரகம். அரங்கம் விசிலடித்தது. எனக்கோ, மாண்ட்கோமரியில் இடைத்தேர்தல் ஏதும் வந்துவிட்டதோ என்றிருந்தது. கிங் பாதிரியார் வீட்டுப் பிள்ளை, பாதிரியார். அவர் பேச்சு பிரசங்க மேடையிலிருந்து வந்தது. கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவார், சபை பதில் கொடுக்கும், அந்தப் பதிலின் மேல் ஏறி அடுத்த வரிக்குப் போவார். இந்தத் தம்பி தூரமாகப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே பிரிக்ஃபீல்ட்ஸில் ஏதாவது ஒரு தமிழ்த் தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். நான் சைவக் குடும்பம்தான், ஆனாலும் போதகர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்துச் சபையின் ‘ஆமென்’ மேல் படிப்படியாக ஏறுவதைக் கேட்டு நின்றிருக்கிறேன். அந்தத் தமிழ் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கட்சி மேடைத் தமிழை எதற்கு எடுத்தார்கள்?

இன்னொரு மனத்தாங்கல் காந்தி. மூன்று இடத்தில் காந்தி பெயர் வருகிறது, மூன்று இடத்திலும் கைதட்டல். கிங் 1959-இல் இந்தியாவுக்குப் போனது நிஜம். மதுரை, காந்திகிராமம், கன்னியாகுமரி வரைக்கும் போயிருக்கிறார். அது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பயணத்தில் அவரே பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்கிறார். கிங்குக்குச் சுருக்கென்று கோபம். அப்புறம் தன் ஊரில் இருக்கும் தன் ஜனங்களின் நிலைமையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொள்கிறார். இதை மேடையில் வைத்திருந்தால் கைதட்டல் வந்திருக்காது. எங்கள் தோட்டத்திலேயே மேல்லயம், கீழ்லயம் என்று சாதி பார்த்துப் பிரித்த வீட்டு வரிசைகள் இருந்தன. யார் எந்த லயம் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டிக்கொள்ளத் துரைதான் வர வேண்டும் என்றில்லை.

இடைவேளையில் பருப்பு வடை, இஞ்சி டீ. குழுவில் இருப்பவர்களின் அம்மாமார் வீட்டில் சுட்டுக்கொண்டு வந்தது. இரண்டு வடை 3 வெள்ளி, காசை ஒரு மைலோ டின்னில் போட வேண்டும். இதுவும் நாடகத்தில் சேர்த்திதான் என்று இடைவேளை முடிந்த பிறகுதான் புரிந்தது.

திரை விலகினால் கில்மோர் வீட்டுச் சமையலறை. சாட்சி சொன்ன குற்றத்துக்கு அந்த அம்மாவின் சமையல் வேலை போய்விட்டது. வீட்டிலேயே அடுப்பு மூட்டு என்று கிங் தைரியம் சொன்னார், அவரும் மூட்டினார். அதற்கு முன்பிருந்தே அவரும் இன்னும் சில பெண்களும் கோழி வறுவல் வைத்த ரொட்டியும், பணியாரமும், கேக்கும் செய்து விற்று, காசைப் போராட்டக் குழுவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்க்கும் பெண்கள் கொடுக்கிற காசு. பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் வரவில்லை’ என்பதுதான் பதில். அதையே சங்கத்துக்குப் பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்லப்போகிறார்களோ என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ‘ஊர்பேர் தெரியாத சங்கம்’ என்றார்கள். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. நானாக இருந்தால் அரை மணி யோசித்திருந்தாலும் இது வந்திருக்காது.

கில்மோர் பேசுவது தோட்டத்துத் தமிழ். வருகிறவர்களை எல்லாம் “பசியாறியாச்சா?” என்று கேட்கிறார். பணம் வசூலிக்கிற கணக்கு, வண்டிகளுக்குப் பெட்ரோல், தேவாலயங்கள் பெயரில் வாங்கிய கார்கள், உள்ளூர் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்ததும் லண்டன் லாயிட்ஸில் போய் இன்சூரன்ஸ் எடுத்தது, எல்லாமே மாவு பிசைகிற பேச்சோடு பேச்சாக வருகிறது. 381 நாளில் ஆயிரக்கணக்கான ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கொண்டுவருவது என்றால் சும்மாவா? கிங் இந்தக் காட்சியில் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அதிகம் பேசுவதில்லை. அவர் நன்றாக நடித்தது அங்கேதான்.

மொழிபெயர்ப்பு எழுத்து ஓடுகிற திரையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் மேலே ஓடுகிறது. வசனத்துக்கு இரண்டு வரி பின்னால். கில்மோர் ஒரு குழந்தையை “கண்ணு, இங்க வா” என்கிறார். மலாயில் ‘மாத்தா, மாரி சினி’ என்று வருகிறது. கண்ணே வருகிறது நடந்து! எனக்குப் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் ஒருவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அப்புறம் மீதி நாடகத்துக்கு நான்தான் அவர் காதில் மொழிபெயர்த்தேன். ஓய்வு பெற்றும் ஓய்வில்லை. குளிர்சாதனம் வேறு எலும்பைக் குத்துகிறது. சால்வை எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் வருகிற காட்சி சுமார்தான். அவரும் கிங்கும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தார்கள்: 1964 மார்ச் 26, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் நேரம்தான். நாடகம் அதைக் கால் மணி நேர வாக்குவாதமாக இழுக்கிறது. அகிம்சையா, பதிலடியா என்று பட்டிமன்றம் மாதிரி ஆளுக்கு ஒரு கட்சி. எக்ஸ் என்ற பெயரைப் பற்றி அவர் சொல்வது மட்டும் மனதில் தைத்தது: எஜமான் வைத்த பெயரை உதறியாயிற்று, சொந்தப் பெயர் தொலைந்துபோயிற்று, அதனால் தெரியாத ஒன்றுக்குப் போடுகிற குறி. என் பிறப்புப் பத்திரத்தில் யாரோ ஒரு கிராணி என் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார். இன்றைக்கும் எல்லா இடத்திலும் அந்த விழுங்கிய பெயர்தான் எனக்கு. மற்றபடி, இருவரும் எவ்வளவு கோபத்திலும் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்பதை விடவில்லை. அது நல்ல கவனம். இரண்டு பேரும் 39 வயதிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் என்பதைத் திரையில் எழுதிக் காட்டினார்கள். அந்த எழுத்து மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது.

கடைசிப் பகுதி மெம்ஃபிஸ் நகரம், 1968. பிப்ரவரி 1-ஆம் தேதி மழைக்கு ஒதுங்கிக் குப்பை வண்டிக்குள் நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் குப்பையை நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். பிப்ரவரி 12-இல் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. அன்றைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மழை. தகரக் கூரையில் அடித்த அடியில் அந்த இரண்டு பேரின் காட்சியில் பாதி வசனம் கேட்கவில்லை. கேட்காமல் போனதும் ஒருவகையில் நல்லதுதான். ஏப்ரல் 3 இரவு, அந்தத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வந்திருந்த கிங் புயலுக்கு நடுவில் கடைசியாகப் பேசியபோது ஜன்னல் கதவு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் திடுக்கிட்டதாக உடனிருந்தவர் சொல்லியிருக்கிறார். அதைத் தம்பி செய்து காட்டினார். முழங்கவில்லை. மழைச் சத்தத்தில் முழங்கவும் முடியாது. மண்டபத்து ஜன்னலும் ஒரு தடவை நிஜமாகவே படாரென்று அடித்தது, அவரோடு சேர்ந்து நாங்களும் திடுக்கிட்டோம்.

மறுநாள் கிங்கைச் சுட்டதற்குத் துப்பாக்கிச் சத்தம் வைக்கவில்லை. கில்மோர் சமையலறையில் ஒரு தட்டு கீழே விழுகிறது, அவ்வளவுதான். பிறகு அந்த அம்மாவுக்கு வயதாகிறது. 1990-இல், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்தின் 25-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த சமயத்தில் அவர் இறந்துபோனார். அந்தச் சாப்பாட்டைத்தான் துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள். நடிகர்கள் அதைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து முன்வரிசைக்குக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கரண்டி மக்கரோனி கிடைத்தது. நாக்குக்கு ருசி தெரியவில்லை.

நான் சண்டை போட்டது அதற்கு முந்தின ஒரு அட்டைக்காக. மெம்ஃபிஸ் தொழிலாளர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த அட்டை உலகத்துக்கே தெரியும்: ‘ஐ ஆம் எ மேன்’. நரைத்த ஆண்களைப் ‘பையா’ என்று கூப்பிட்ட ஊரில் சொன்ன வார்த்தை. நாடகத்தில் ஆறு பேர் வரிசையாக வருகிறார்கள், ஆறு அட்டையிலும் ‘நானும் மனிதன்தான்’.

அந்த ‘உம்’ எனக்கு ஒத்துவரவில்லை. ‘நான் மனிதன்’ என்றால் அறிவிப்பு. ‘நானும் மனிதன்தான்’ என்றால் மனு. ஐயா, என்னையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற தொனி. கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டிலிருந்து “நானும் மனுசன்தானேய்யா” என்று எத்தனை பேர் அழுது கேட்டிருக்கிறேன். அந்த மெம்ஃபிஸ் அட்டையில் அழுகை கிடையாது. அந்த ‘ஆம்’ என்ற சொல்லுக்குக் கீழே அடிக்கோடு போட்டிருந்தார்கள். தமிழில் அந்தச் சொல்லே தேவைப்படாது, ‘நான் மனிதன்’ என்றாலே முடிந்தது. எதற்கு அடிக்கோடு போடுவது? கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கில எழுத்தை மறந்துவிட்டுத் தமிழ்க் காதால் அந்த ‘ஆம்’-ஐக் கேட்டுப் பாருங்கள். நான், ஆம், மனிதன்.

நாடகம் முடிந்து கீழே மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் இயக்குநர் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். பகலில் ஏதோ ஆபீஸில் வேலை, இருபத்தெட்டு வயது இருக்கும், தே தாரே டீ ஆறிப்போகிற அளவுக்குப் பொறுமையாகக் கேட்டான். அப்புறம், “இல்ல ஆன்ட்டி, நான் அந்த ‘உம்’ம அப்படி நெனக்கல. 1,300 பேரு. ஒருத்தர் சொன்னதும் பக்கத்துல உள்ளவரு நானும்னு சேர்றாரு, அவருக்குப் பக்கத்துல உள்ளவரு நானும்னு சேர்றாரு. கெஞ்சறதில்ல, சேர்றது” என்றான்.

எனக்கு வாயடைத்துப்போயிற்று. 31 வருடத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

“அப்ப முதல் ஆள்கிட்ட ஏம்ப்பா ‘நானும்’ குடுத்த? அவரு யாரோட சேர்றாரு?” என்றேன். முதல் அட்டையில் ‘நான் மனிதன்’, இரண்டாவது ஆளிலிருந்து ‘நானும்’, வெறும் ‘நானும்’, ஒவ்வொருவராக வர வேண்டும், மொத்தமாக வரக்கூடாது என்று சொன்னேன். அவன் பில் தாளைத் திருப்பிப் பேனாவால் ஆறு சதுரம் போட்டு எழுதிப் பார்த்தான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என் டீக்கும் அவனே காசு கொடுத்தான், அதனால் இந்த விமர்சனத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்த வெள்ளோட்டம் அடுத்த மாதமாம், இதே மண்டபம், இதே 34 படி. அட்டை மாறியிருக்கிறதா என்று பார்க்கவாவது நான் போவேன். இந்தத் தடவை அந்த மலாய்க்காரப் பெண்ணும் வருகிறார், பக்கத்து இருக்கை வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.